கடலூரில் மனைத் தொழில்: முகவர் பதிவா, சொந்தப் பெயரில் வாங்கி விற்பதா?

மஞ்சக்குப்பத்தில் பழைய வீடுகளை மட்டும் முடித்துக்கொடுத்துக் கமிஷன் வாங்கிவந்த எனக்கு, கையில் சிறிது சேமிப்பு சேர்ந்ததும் ஒரு கேள்வி எழுந்தது. தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் முகவராகப் பதிந்து மனைப்பிரிவுகளை விற்பதா, அல்லது நிலத்தைச் சொந்தப் பெயரில் வாங்கிப் பிரித்து விற்பதா? நான் பதிவைத் தேர்ந்தெடுத்தவன்; இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும்.

பழைய வீடுகளோடு நின்றுவிடுகிறவருக்கு இந்தக் கேள்வியே இல்லை. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 9ஆம் பிரிவு, பதிவான திட்டங்களில் மேம்பாட்டாளர், அதாவது நிலத்தைப் பிரித்தோ கட்டடம் கட்டியோ விற்பவர், விற்கும் மனை, வீடு ஆகியவற்றுக்கு இடைநிற்கும் முகவரைத்தான் பதியச் சொல்கிறது.

சொந்தப் பெயரில் ஒரு மனை வாங்கி, வைத்திருந்து விற்பதற்கும் எந்த உரிமமும் வேண்டாம். "நம் நிலம், யார் கேட்பது?" என்று பத்திர எழுத்தர் கடை வாசலில் பேசுவது அதுவரை சரிதான். நெல்லிக்குப்பம் பக்கம் முப்பது சென்ட் நிலத்தை என் மைத்துனரும் நானும் பார்த்து, எட்டு மனையாகப் பிரிக்கலாம் என்று கணக்குப் போட்டபோதுதான் சிக்கல் புரிந்தது. 500 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய பன்னிரண்டரை சென்ட், தாண்டிய நிலத்தைப் பிரித்து விற்பவர் சட்டத்தின் கண்ணில் முதலீட்டாளர் அல்லர், மேம்பாட்டாளர். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் வாங்கித் திட்டத்தை ஆணையத்தில் பதிய வேண்டும். வாங்குபவர்கள் கட்டும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு, பொறியாளர், கட்டடக் கலைஞர், பட்டயக் கணக்காளர் ஆகியோரின் சான்று பெற்றே எடுக்க வேண்டும். காலாண்டுதோறும் இணையதளத்தில் நிலவரம் ஏற்ற வேண்டும். பதியாமல் விற்றால் அபராதம் திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை போகலாம். லாபம் அதிகம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஓர் அலுவலகமும் இரண்டு ஆட்களும் வேண்டும். நிலத்தை வாங்காமல், உரிமையாளரிடம் பவர் (அவர் சார்பில் விற்கும் அதிகாரப் பத்திரம்) வாங்கி விற்றுவிடலாம் என்று மைத்துனர் சொன்னார். பவர் பத்திரத்தால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சொல்லிவிட்ட பிறகு, விவரம் தெரிந்தவர்கள் அதை நம்பி முன்பணம் கொடுப்பதில்லை.

முகவர் பதிவுக்கு நான் கட்டியது 25,000 ரூபாய். அது ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். என்னைத் தீர்மானிக்க வைத்தது கட்டணமன்று, அதன் பிறகு வரும் பராமரிப்பு. பதிவான திட்டத்தை மட்டுமே விற்க வேண்டும், ஒவ்வொரு விற்பனையிலும் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும், கணக்குப் புத்தகம் வைத்திருக்க வேண்டும், இல்லாத வசதியை உண்டென்று சொல்லக் கூடாது. இவையனைத்தும் ஒரு நீளக் கணக்கு நோட்டில் அடங்கிவிடுகின்றன. தேதி, மனை எண், திட்டப் பதிவு எண், பேசிய கமிஷன், வங்கிக்கு வந்த தொகை என்று ஐந்து பத்திகள். மாலையில் கால் மணி நேர வேலை. ஒரு துண்டறிக்கையில் "வெள்ளிக் கடற்கரைக்குப் பத்து நிமிடம்" என்றிருந்ததை, வண்டியில் போய்ப் பார்த்து இருபத்தைந்து நிமிடம் ஆனதால், பேனாவால் அடித்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

பதிவுக்கு முன் ஒரு மனைப்பிரிவுக்கு மூன்று பேரை அழைத்துப்போய் முடித்துக்கொடுத்தேன். உரிமையாளர் கமிஷனை இன்றுவரை தரவில்லை. உரக்கக் கேட்கவும் முடியவில்லை, ஏனெனில் பதிவில்லாத முகவருக்கு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், மனை மதிப்பில் 5 சதவீதம் வரை, அபராதம் உண்டு. இப்போது கமிஷனை முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்கிறேன்; வரிப்பிடித்தம் போக மீதி வங்கிக்கு வந்துவிடுகிறது.

என் அனுபவம் மனைகளோடு நிற்கிறது. அடுக்குமாடி வீடுகளை நான் விற்றதில்லை, பதிவைப் புதுப்பிக்கும் நாளும் இன்னும் வரவில்லை.

எல்லைச் சிக்கல் ஒன்று உண்டு. ஒரு பதிவு ஒரு மாநிலத்துக்கோ ஒரு யூனியன் பிரதேசத்துக்கோ மட்டுமே செல்லும். பெண்ணையாற்றுப் பாலத்தைக் கடந்து சற்றுத் தொலைவு போனால் முள்ளோடை. அங்கிருந்து புதுச்சேரி, அதற்குத் தனிப் பதிவு. கன்னியக்கோவில், பாகூர் மனைகளைக் கேட்டு மாதம் இருவராவது வருகிறார்கள். அந்த எண்ணிக்கைக்காக இரண்டாவது நோட்டு போடுவது கட்டுப்படியாகாது என்பதால், அங்கே பதிவுள்ள நண்பரிடம் அவர்களை அனுப்பிவிடுகிறேன். அதற்குப் பங்கு எதுவும் வாங்குவதில்லை.