அரப்பு முதல் மினாக்சிடில் வரை: முடி உதிர்வோடு மூன்று ஆண்டுகள்

"முடி கொட்டுவதற்கு உனக்கு எந்த மருந்து பலன் கொடுத்தது?" என்று உறவுக்காரப் பெண்கள் கேட்கும்போதெல்லாம், மருந்தின் பெயருக்கு முன்னால் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒரு முடி வளர்ச்சியை நிறுத்தி ஓய்வுக்குப் போனபின் தலையிலிருந்து விழ ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். இன்று சீப்பில் வரும் கொத்துக்குக் காரணம் தேட வேண்டிய இடம் மூன்று மாதத்துக்கு முந்தைய நாள்காட்டி. இது தெரியாததால், எங்கள் பக்கத்தில் பழி முழுவதும் தண்ணீர் மேல் விழுகிறது. பாராட்டு முழுவதும் அந்த நேரத்தில் கையில் இருந்த எண்ணெய்க்குப் போகிறது.

சொந்த ஊர் கோபி. கல்லூரிக்காகக் கோவை சென்றேன். சிறுவாணித் தண்ணீர் கிடைக்கும் என்று எல்லோரும் ஆசை காட்டினார்கள். நகரத்துக்கு வெளியே இருந்த விடுதியில் வந்ததோ ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர். ஐப்பசி மழையில் டெங்கு வந்து போனது. தை பிறந்ததும் முடி கொட்டத் தொடங்கியது. ஒரு நாளில் 50 முதல் 100 முடி விழுவது இயல்பு என்பார்கள். எண்ணிப் பார்க்க அவசியமே இல்லாத அளவுக்கு எனக்கு விழுந்தது. "உப்புத் தண்ணீர்தான் கண்ணு, வேறென்ன?" என்று அம்மாயி தீர்ப்பு எழுதிவிட்டார்.

தோல் மருத்துவர் விழுந்த முடியின் அடி நுனியைப் பார்க்கச் சொன்னார். அங்கே வெள்ளையாகச் சிறு குமிழ் இருந்தால் வேரிலிருந்து உதிர்ந்தது. இல்லாவிட்டால் நடுவில் அறுந்தது. உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கி உடைய வைக்கலாம். என்னுடையவற்றில் குமிழ் இருந்தது. பழி காய்ச்சலுக்கு மாறியது. கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து எடை குறைப்பது ஆகிய எல்லாவற்றுக்கும் பிறகு இப்படிக் கொட்டும். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானே அடங்கும்.

அந்த இடைவெளியில் வீட்டு வைத்தியம் நடந்தது. அரப்புக்கு என் முழு ஆதரவு உண்டு. உசிலை இலைத்தூள் எண்ணெய்ப் பிசுக்கை நன்றாக எடுக்கும், வாசனையும் எனக்குப் பிடிக்கும். அலசி முடித்தபின் தூள் தலையில் தங்குவது ஒரு தொல்லை. ஆனால் அது அழுக்கை எடுக்கும் பொருள். முடியை முளைக்க வைக்காது. காங்கேயத்துச் செக்குத் தேங்காய் எண்ணெயும் அப்படித்தான்: வறண்ட முடிக்கு நல்லது, வேருக்கு அதனால் லாபமில்லை. பழனியில் மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்றும் ஒரு யோசனை வந்தது. முருகனுக்கு நேர்ந்துகொண்டால் போடலாம். முடி வேருக்கு அந்தச் செய்தி போய்ச் சேராது. ஓர் அழகு நிலையத்தில் விற்ற தலைமுடிச் சிகிச்சைத் தொகுப்புக்குக் கொடுத்த பணத்தில் தலை மசாஜ் சுகமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஆறு மாதம் கடந்தும் நிற்கவில்லை. ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்கள். அதற்குச் சில நாள் முன்பே, முடிக்கென்று கடையில் வாங்கிச் சாப்பிட்ட பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். அது தைராய்டு முடிவையே தவறாகக் காட்டக்கூடுமாம். கடையில் கேட்டவுடன் கொடுக்கும்போது இதை ஒருவரும் சொல்லவில்லை. தைராய்டு சரி. ஹீமோகுளோபின், பெண்களுக்கு இயல்பின் கீழ் எல்லையான 12-ஐ ஒட்டி இருந்ததால் அம்மா நிம்மதியானார். உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் மட்டும் 30-க்கு வெகு கீழே. மாதவிடாய்க்கு அதிக ரத்தம் போகும் பெண்களுக்கு இது சாதாரணம் என்றார் மருத்துவர். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒரு நீல மாத்திரை கொடுப்பார்களே, அதை ஜன்னல் வழியே எறிந்த வகுப்பு எங்களுடையது.

இரும்பு மாத்திரையைப் பற்றி நேர்மையாகச் சொன்னால், சலிப்பான மருந்து. மலம் கறுக்கும், கட்டும். பால், காபி, டீயோடு விழுங்கினால் பாதி வீண். எலுமிச்சைச் சாற்றோடு எடுத்தால் நன்றாகச் சேரும். காலை டீயைத் தள்ளிவைப்பதுதான் எனக்கு மாத்திரையைவிடக் கடினமாக இருந்தது. கொள்ளுப் பருப்பும் முருங்கைக்கீரையும் தட்டில் கூடின. என்றாலும் காலியான கையிருப்பை உணவால் மட்டும் நிரப்ப நெடுங்காலம் பிடிக்கும். சில மாதங்களில் உதிர்வு குறைந்து, நெற்றியோரம் குட்டை முடிகள் நின்றன.

ஆனால் நடு வகிடு அகன்றே இருந்தது. அத்தைக்கும் அப்படித்தான். பரம்பரையாக வரும் மெலிவு இது. காய்ச்சல் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. அதற்காகத்தான் தலையில் பூசும் மினாக்சிடில். ரத்த அழுத்த மாத்திரையாக வந்து, முடி வளர்க்கும் பக்கவிளைவால் தலைக்கு மாறிய மருந்து அது. முதல் வாரங்களில் இன்னும் அதிகமாகக் கொட்டியது. முன்பே எச்சரித்திருந்ததால் தாக்குப்பிடித்தேன். பலன் தெரிய ஆறு மாதம் போலக் காத்திருக்க வேண்டும். தலை அரிக்கும். நெற்றியில் வழிந்தால் அங்கும் பூனைமுடி வளரும் என்பதால், இரவில் பூசிக் காய்ந்த பிறகே படுக்கிறேன். இப்போது வகிடு குறுகியிருக்கிறது. பத்தாம் வகுப்பு ரெட்டை ஜடையின் கனம் திரும்பவில்லை. நிறுத்தினால் கிடைத்ததும் போய்விடும்.

மாதவிடாய் தள்ளிப்போவது, முகப்பரு, தாடையில் முடி ஆகியவை சேர்ந்து வந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையா என்று பார்க்க வேண்டும். நாணயம் போல வட்டமாகக் கொட்டினால் அது பெரும்பாலும் புழுவெட்டு, வேறு நோய். இழுத்துக் கட்டும் ஜடையால் நெற்றியோரம் பின்வாங்குகிறது என்றால் கட்டைத் தளர்த்துங்கள். நாளானால் வேர் நிரந்தரமாகப் போய்விடும்.

கருத்தரிக்கத் திட்டமிடும்போதே மினாக்சிடிலை நிறுத்திவிட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். வீட்டில் ஜாதகம் வெளியே எடுத்தாகிவிட்டது. பெண் பார்க்க வருபவர்களிடம் இந்தப் பாட்டிலைப் பற்றிச் சொல்லலாமா என்று அம்மா யோசிக்கிறார். நான் சொல்லிவிடுவதாக இருக்கிறேன்.