சுவரைக் கழற்றிப் பார்த்த பிறகு எழுதும் மதிப்புரை: 6 × 12 அடி கார்கோ டிரெய்லர்

கேம்பராக, அதாவது உள்ளே தங்கிப் பயணம் செய்யும் வண்டியாக, மாற்றும் எண்ணத்தில் கார்கோ டிரெய்லர் எனப்படும் மூடிய சரக்கு இழுவண்டியை வாங்குபவர் எவரும் அதன் வெளிப்புறப் பளபளப்பையும் டயரையும் கதவையும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுகிறார். நானும் அப்படித்தான் கட்டினேன். டிரெய்லரின் உண்மையான தரம் உட்சுவர்ப் பலகைகளுக்குப் பின்னால் இருக்கிறது என்பது அவற்றைக் கழற்றிய அந்த இரண்டு நாட்களில்தான் எனக்குத் தெரிந்தது. ஆகவே இதை டிரெய்லரின் மதிப்புரை என்றும் கொள்ளலாம், சுவர் கழற்றும் வேலையின் மதிப்புரை என்றும் கொள்ளலாம். தயாரித்த நிறுவனத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. நான் கண்ட குறைகள் இந்த விலையில் விற்கப்படும் பல டிரெய்லர்களுக்கும் பொதுவானவை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

அமெரிக்காவில் இத்தகைய டிரெய்லர்கள் பெருமளவில் உருவாகும் இடங்கள் இரண்டு: ஜார்ஜியா மாநிலத்தின் தெற்கிலுள்ள டக்ளஸ் நகரைச் சுற்றிய பகுதி ஒன்று, இண்டியானாவின் எல்கார்ட் வட்டாரம் மற்றொன்று. என்னுடையது டக்ளஸ் பகுதியில் செய்யப்பட்டது. 6 அடி அகலம், 12 அடி நீளம், முன்பக்கம் ஆங்கில ‘வி’ எழுத்தைப் போலக் கூராக நீளும் மூக்கு, ஒற்றை அச்சு, பின்னால் சாய்தளமாக இறங்கும் கதவு, பக்கவாட்டில் ஆள் நுழையும் கதவு. அச்சின் தாங்குதிறன் 3,500 பவுண்டு. ஆனால் முத்திரைத் தகட்டில் மொத்த எடை வரம்பு 2,990 பவுண்டு என்றே பொறித்திருக்கிறார்கள். 3,000 பவுண்டைத் தொட்டால் பல மாநிலங்களில் டிரெய்லருக்குத் தனியே பிரேக் வேண்டும் என்பதால், அந்தக் கோட்டுக்குப் பத்து பவுண்டு கீழே நின்றுகொள்வது இத்தொழிலின் வழக்கம். கேம்பர் கட்டுபவருக்கு இது வெறும் காகிதச் சங்கதி அன்று. வெற்று டிரெய்லரே ஆயிரத்துச் சொச்சம் பவுண்டு இருக்கும்போது, கட்டில், மின்கலம், தண்ணீர்த் தொட்டி, அலமாரி, மனிதர்களின் மூட்டை முடிச்சு அனைத்தும் மீதமுள்ள எடைக்குள் அடங்க வேண்டும். சுவர்ப் பலகையின் கனமும் அந்தக் கணக்கில்தான் வருகிறது.

தொழிற்சாலையிலிருந்து வந்த சுவர் முக்கால் அங்குலத்தில் பாதி, அதாவது 3/8 அங்குலத் தடிமனுள்ள பிளைவுட். சரக்கு மோதினாலும் தாங்கும், எங்கு வேண்டுமானாலும் ஒரு கொக்கியைத் திருகிவிடலாம். சரக்கு ஏற்றுபவருக்கு அது குறையே இல்லாத சுவர். ஒரு சதுர அடிக்கு ஏறத்தாழ ஒரு பவுண்டு எடை. இரு பக்கமும் மூக்கும் சேர்ந்தால் 170 பவுண்டை நெருங்குகிறது. அதற்குப் பதில் 5 மில்லிமீட்டர் பிளைவுட்டை அடித்தால் அந்த எடையில் பாதியளவு மிச்சமாகும். இன்னும் மலிவான டிரெய்லர்களில் பிளைவுட்டுக்குப் பதில் மரத்துகளை அழுத்திச் செய்த பலகையைப் பொருத்துகிறார்கள். அது ஈரம் பட்டால் பிஸ்கட்டைப் போல ஊறி உதிரும். அத்தகைய சுவரைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசிக்கவே தேவையில்லை.

வேலையை மேலிருந்து தொடங்க வேண்டும். சுவரும் கூரையும் சேருமிடத்தில் ஓடும் வளைந்த அலுமினியப் பட்டையை முதலில் எடுத்தால்தான் பலகையின் மேல்விளிம்பு வெளிப்படும். என் டிரெய்லரில் அப்பட்டை சிறு ஆணிகளால் பொருத்தப்பட்டிருந்தது. தட்டையான சிறு நெம்புகோலைச் செருகி, ஓரடிக்கு ஓரிடமாக மெல்லத் தளர்த்தியதில் அது வளையாமல் வந்தது. அவசரப்பட்டு ஒரு முனையிலிருந்து இழுத்தால் பட்டை மடிந்துவிடும், மடிந்த அலுமினியம் மறுபடி நேராகாது. பட்டை வந்த பின்பு திருகாணிகள். அவை இரும்புச் சட்டத்தைத் தாமே துளைத்துக்கொண்டு இறங்கும் வகை. நட்சத்திர வடிவத் தலையுடையவை இம்பாக்ட் டிரைவரைப் பின்னோக்கிச் சுழற்றியவுடன் வெளியே வந்துவிட்டன. கூட்டல் குறித் தலையுடைய சிலவற்றின் பள்ளத்தில் பெயிண்ட் அடைத்துக்கொண்டு, பிட் வழுக்கித் தலை தேய்ந்துபோனது. அவற்றோடு போராடுவது வீண். தலையை டிரில்லால் துளைத்து எறிந்துவிட்டு, பலகையை எடுத்த பின் துருத்தி நிற்கும் தண்டைப் பூட்டுக்குறட்டால் பிடித்துத் திருகினால் எளிதாக வந்துவிடுகிறது. இந்த உபாயம் தெரியாமல் முதல் நாள் காலையில் மூன்று திருகாணிகளுக்காக ஒரு மணி நேரத்தைத் தொலைத்தேன்.

திருகாணி எல்லாம் போன பின்பும் பலகை அசையாது நிற்கும். அங்கே பலர் பொறுமையிழந்து சேதம் செய்துவிடுகிறார்கள். பக்கக் கதவின் சட்டத்துக்கும் பின்கதவின் மூலைத் தூணுக்கும் அடியில் பலகையின் விளிம்பு நுழைந்திருக்கும், சில இடங்களில் பசையும் இருக்கும். நெம்புகோலைப் பலகைக்குப் பின்னால் செருகி அழுத்தும்போது அதன் மறுமுனை எதன்மேல் ஊன்றுகிறது என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிப்புற அலுமினியத் தகட்டின் தடிமன் 0.030 அங்குலம், அதாவது முக்கால் மில்லிமீட்டர்தான். நெம்புகோல் அதன்மேல் ஊன்றினால் வெளியே ஒரு புடைப்பு எழும்பும், அதைப் பின்னர் எவராலும் மறைக்க முடியாது. ஊன்றுவது எப்போதும் இரும்புச் சட்டத்தின் மேலாக இருக்க வேண்டும். என் டிரெய்லரின் வெளித்தகடு திருகாணி இல்லாமல் இருபக்க ஒட்டுநாடாவால் சட்டத்தோடு ஒட்டப்பட்ட வகை என்பதால் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகத் தேவைப்பட்டது. கதவோரத்தில் சிக்கிய விளிம்பை விடுவிக்க, அதிர்ந்து வெட்டும் சிறு மின்வாள் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். பலகையின் தடிமன் அளவுக்கு வாளின் மேல் நாடா ஒட்டி அடையாளம் செய்துகொண்டு, அந்த ஆழத்தைத் தாண்டாமல் வெட்டினேன். கழற்றிய ஒவ்வொரு பலகையின் பின்புறமும் பென்சிலால் எண்ணும் திசையும் எழுதி வைத்ததால், புதிய பலகைகளை வெட்டுவதற்கு அவையே அச்சாகப் பயன்பட்டன. குறிப்பாக மூக்குப்பகுதியில் ஒரு கோணமும் செங்கோணம் இல்லை, அங்கே அளவுநாடாவை நம்பியிருந்தால் இரண்டு பலகையாவது வீணாகியிருக்கும்.

இனி, பலகைக்குப் பின்னால் கண்டவை.

நிமிர்ந்த சட்டங்கள் 16 அங்குல இடைவெளியில் இருக்கும் என்பது விற்பனைத் தாளில் அச்சிட்டிருந்த வாக்கு. இடதுபுறச் சுவரில் அது உண்மை. வலதுபுறத்தில், பக்கக் கதவுக்குப் பின்னாலிருக்கும் பகுதியில் இரண்டு இடைவெளிகள் 24 அங்குலமாக இருந்தன. சுவரில் தெரியும் திருகாணி வரிசைகளை வாங்கும் அன்றே ஒரு காந்தத்தோடு எண்ணிப் பார்த்திருந்தால் இது புலப்பட்டிருக்கும். அந்த அசட்டை என்னுடையது. வாக்கை மீறியது அவர்களுடையது. விற்பனை நிலையத்துக்குப் படங்களோடு எழுதினேன். கதவு வரும் பக்கத்தில் அப்படித்தான் அமையும் என்றும், சரக்கு ஏற்றுவதற்கு அதனால் பாதகம் இல்லை என்றும் பதில் வந்தது. அது பொய்யில்லை, ஆனால் நான் கேட்ட கேள்விக்குப் பதிலும் இல்லை. மேல் அலமாரியைத் தாங்க வேண்டிய இடம் சரியாக அதுதான் என்பதால், அந்த இரண்டு இடைவெளிகளிலும் குறுக்கே மரக்கட்டைகளைப் பொருத்தி நானே வலுவூட்டினேன். பலகையைக் கழற்றாமல் அங்கே அலமாரியைத் திருகியிருந்தால், ஒரு நீண்ட மலைப்பாதைப் பயணத்தில் அது பாத்திரங்களோடு கீழே வந்திருக்கும்.

இரண்டாவது, ஈரம். வலது மேல்மூலையில் இருக்கும் சிறு விளக்கின் பின்னாலிருந்து சட்டத்தின் வழியாகப் பழுப்பு நிறத்தில் ஒரு நீர்த்தடம் தரைவரை இறங்கியிருந்தது. அதன் அடியில் பிளைவுட்டின் கீழ்விளிம்பு கறுத்து உப்பியிருந்தது. டிரெய்லருக்கு அப்போது வயது ஏழு மாதம்தான். உள்ளிருந்து பார்த்தால் சுவரில் ஒரு புள்ளி கறையும் இல்லை. ஒருவர் வெளியே தோட்டக் குழாயால் கீழிருந்து மேலாக நீரைப் பாய்ச்ச, ஒருவர் உள்ளே கைவிளக்கோடு நின்று பார்த்ததில், விளக்கைச் சுற்றிய அடைப்புப் பசை மேல்பக்கத்தில் விட்டுப்போயிருப்பது தெரிந்தது. விளக்கைக் கழற்றி, பியூட்டைல் நாடாவை (நீர் புகாத ஒட்டும் ரப்பர் நாடா) வைத்து, மறுபடி பொருத்தினேன். இதற்குச் சிலிகானைப் பயன்படுத்த வேண்டாம். ஒருமுறை சிலிகான் பட்ட இடத்தில் பிறகு வேறெந்தப் பசையும் ஒழுங்காக ஒட்டாது.

மூன்றாவது, மின்கம்பிகள். இவைதான் எனக்கு உண்மையிலேயே அச்சமூட்டின. விளக்குகளுக்குப் போகும் கம்பிகள் இரும்புச் சட்டத்தில் இட்ட துளைகளின் வழியே செல்கின்றன. துளையின் கூரிய விளிம்பில் கம்பி உரசாதிருக்க ஒரு ரப்பர் வளையம் வேண்டும். ஐந்து துளைகளில் ஒன்றில்கூட வளையம் இல்லை. ஓரிடத்தில் கம்பியின் மேலுறை பாதி தேய்ந்திருந்தது. அதுவும் போதாதென்று, பின்விளக்கின் எதிர்முனைக் கம்பியை ஒரு திருகாணியால் பெயிண்ட் பூசிய சட்டத்தின் மேலேயே இறுக்கியிருந்தார்கள். பின்விளக்கு அவ்வப்போது மங்கியதன் காரணம் அன்றுதான் விளங்கியது. பெயிண்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்த பின் இறுக்கியதும் விளக்கு ஒழுங்குக்கு வந்தது. சில சதங்களே பெறும் ஐந்து ரப்பர் வளையங்களை மிச்சம் பிடிப்பதில் ஒரு தொழிற்சாலைக்கு என்ன லாபமோ, எனக்குப் புரியவில்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும். பற்றவைப்பு எல்லா மூட்டுகளிலும் முழுமையாக இருந்தது. கூரை ஒரே தகடாக, ஒட்டுப்போடாமல் இருந்தது. சட்டங்களில் துரு என்று சொல்லத்தக்கது அந்த நீர்த்தடத்தின் அடியில் மட்டுமே. கூரையின் உட்புறத்தில் அடித்திருந்த மெல்லிய வன்மரப் பிளைவுட்டின் பின்னால் பலகைப் பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு வாயு வரம்புக்கு உட்பட்டது என்ற கூட்டரசு முத்திரையும் இருந்தது. 2005-ஆம் ஆண்டின் கத்ரீனா புயலுக்குப் பிறகு வீடிழந்தோருக்கு அரசு கொடுத்த டிரெய்லர்களில் அந்த வாயுவால் மக்கள் அவதிப்பட்டதை நினைவில் வைத்திருப்போர் இந்த முத்திரையைத் தேடாமல் இருக்க மாட்டார்கள். 2010-இல் இயற்றப்பட்ட சட்டம் வன்மரப் பிளைவுட், துகள்பலகை, எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) ஆகியவற்றையே கட்டுப்படுத்துகிறது. சுவரில் இருந்தது போன்ற கட்டுமானப் பிளைவுட் அதற்குள் வராது.

வெப்பக்காப்புக்காகத்தான் சுவரைக் கழற்றுகிறோம் என்று பலரும் சொல்வார்கள். என் கருத்தில் அது இரண்டாம் பட்சக் காரணம். சுவரின் இரும்புச் சட்டத்தின் ஆழம் ஒரு அங்குலம்தான். அதில் ஒரு அங்குல எக்ஸ்.பி.எஸ். நுரைப்பலகையை வைத்தால் அதன் வெப்பத் தடைமதிப்பு (ஆர்-வேல்யூ) 5, அலுமினியத்தாள் ஒட்டிய பாலிஐசோ நுரைப்பலகையை வைத்தால் 6-ஐ ஒட்டி வரும். ஆனால் 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும் இரும்புச் சட்டங்கள் வெளியின் குளிரை நேராக உள்ளே கடத்துவதால், சுவர் முழுவதற்கும் அந்த மதிப்பு கிடைப்பதில்லை. சட்டத்தின் முகத்தில் மெல்லிய நுரைநாடாவை ஒட்டி, அதன்மேல் புதிய பலகையை அடித்தபோது, காலையில் சட்டத்தின் வரிசையில் கோடுகோடாகப் பூத்த நீர்த்துளிகள் பெரிதும் குறைந்தன. பீய்ச்சும் நுரையை மட்டும் தவிர்க்க வேண்டும். அது விரியும் வேகத்தில் இந்த மெல்லிய தகடு வெளியே பிதுங்கும், பின்னாளில் ஒரு கம்பியை மாற்ற வேண்டியிருந்தால் நுரையைச் சுரண்டியே ஓய்ந்துபோவோம். பசையாலும் ஏமாறக்கூடாது: கரைப்பான் கலந்த பசை எக்ஸ்.பி.எஸ். பலகையைத் தெர்மாகோலைக் கரைப்பது போலவே கரைத்துவிடும்.

வேலைக்கு எடுத்த காலம் இரண்டு நாள், ஆள் இரண்டு பேர். பலகைகள் இல்லாத நிலையில் டிரெய்லரை நெடுஞ்சாலையில் இழுத்துச் செல்ல வேண்டாம் என்பேன். பக்கவாட்டில் ஆடாமல் பெட்டியை இறுக்கி வைப்பதில் அந்தப் பிளைவுட்டுக்கும் பங்கு உண்டு. தொழிற்சாலையில் நேரடியாக ஆர்டர் கொடுப்பவர்களுக்கு உட்சுவர் இல்லாமலேயே டிரெய்லரைத் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. அதை அறிந்திருந்தால் நான் விற்பனை நிலையத்தின் முற்றத்தில் நின்றிருந்ததை வாங்கியிருக்க மாட்டேன். சுவர் வேண்டாம், கூடுதல் உயரம் வேண்டும், சட்டங்கள் 16 அங்குலத்தில் வேண்டும், அதை எழுத்தில் வேண்டும் என்று கேட்டிருப்பேன். இருப்பில் உள்ளதையே வாங்குபவர், உத்தரவாதக் காலம் முடிவதற்குள் மேல்மூலை விளக்கு உள்ள பக்கத்தில் ஒரே ஒரு பலகையையாவது கழற்றிப் பார்க்கட்டும். ஆனால் பலகையைக் கழற்றினால் உத்தரவாதம் செல்லுமா என்று அதற்கு முன்பே எழுதிக் கேட்டுவிட வேண்டும்.

சரக்கு ஏற்றும் டிரெய்லராக இதற்கு ஐந்துக்கு நான்கு தருவேன். கேம்பருக்கான அடித்தளமாக மூன்று. குறைத்த அந்த ஒன்று 24 அங்குல இடைவெளிக்காக அன்று, ரப்பர் வளையங்களுக்காக. பழைய பலகைகளில் உப்பியது ஒன்றைத் தவிர மற்றவை கட்டிலின் தளமாகவும் அதன் கீழிருக்கும் பெட்டிகளாகவும் மாறிவிட்டன. பென்சிலில் எழுதிய எண்கள் மெத்தையைத் தூக்கினால் இன்னும் தெரிகின்றன.