ரீல் தங்கம், ரோலர் தலைவலி: நான்கு வருடக் கடல் அனுபவம்

அலுவலக நண்பர் ஒருவர் போன வாரம் தூண்டில் நரம்பைச் சுற்றும் ஒரு ரீலின் படத்தை அனுப்பி, "விலை நல்லா இறங்கியிருக்கு, வாங்கலாமா சொல்லுங்க" என்று கேட்டிருந்தார். பார்த்தால் நான் வைத்திருக்கும் அதே 8000 சைஸ் ஸ்பின்னிங் ரீல். என்னுடையது அப்போதுதான் ரிப்பேரிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தது, அதனால் ஒரு வார்த்தையில் பதில் சொல்லும் மனநிலையில் நான் இல்லை. கியர் விகிதம், எடை, உள்ளே எத்தனை பேரிங் என்பதெல்லாம் பெட்டி மேலேயே போட்டிருக்கிறது, அதை நான் திரும்ப எழுதப் போவதில்லை. கம்பெனி பெயரையும் சொல்லவில்லை. உப்புத் தண்ணீரில் நான்கு வருடம் வைத்துப் புழங்கியவனாக எனக்குச் சொல்ல இரண்டே விஷயம்தான் இருக்கிறது. ஒன்று டிராக், அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை அளவோடு நழுவவிடும் பிரேக். இன்னொன்று லைன் ரோலர், அதாவது நரம்பு திரும்பிப் போகும் சின்ன உருளை.

நாங்கள் போவது பெரும்பாலும் சென்னையை அடுத்த கோவளம் பக்கத்திலிருந்து, எப்போதாவது புதுச்சேரியிலிருந்து. ஃபைபர் படகு, அவுட்போர்டு எஞ்சின், நாலு பேர். விடியுமுன் கிளம்பி, வெயில் ஏறிக் காற்று பலப்படுவதற்குள் கரைக்கு வந்துவிடுவோம். பொங்கல் கழிந்து வாடை அடங்கியதிலிருந்து மே வரைக்கும் எங்களுக்குச் சீசன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான், ஃபைபர் படகு போகலாம். விசைப்படகுகளின் இழுவை வலை ஓடாத அந்த நாட்களில் பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், மீன் நிற்பதே தனி என்று எனக்குத் தோன்றும். 20 முதல் 40 மீட்டர் ஆழத்துப் பாறைப் பார்கள்தான் எங்கள் இடம். அவை தவிர மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தமிழகக் கரை நெடுகப் பல ஊர்களுக்கு எதிரே கான்கிரீட் வளையங்களையும் முக்கோணங்களையும் இறக்கி உண்டாக்கிய செயற்கைப் பார்களும் உண்டு. கலவா, சங்கரா, விளமீன், பாரை, அதிர்ஷ்டம் இருந்தால் கடல் விரால். பி.இ. 3 கனத்தில் பிரெய்ட் என்ற பின்னல் நரம்பு, முன்னால் லீடர் என்ற 50 பவுண்டு ஃப்ளூரோகார்பன் முனை நரம்பு, 80 முதல் 150 கிராம் வரை ஜிக் என்ற உலோகப் போலி இரை, அதில் மேல் பக்கம் மட்டும் சின்னக் கயிற்றில் தொங்கும் அசிஸ்ட் முள். கீழேயும் மும்முனை முள் மாட்டினால் பாரில் சிக்கிக் கிடக்கும் பழைய வலையைத்தான் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

முதலில் டிராக். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, இவ்வளவு நல்ல டிராக்கை இந்த விலையில் நான் வேறு எதிலும் பார்த்ததில்லை. பார் மீன் பிடிப்பவர்களுக்குத் தெரியும், கலவா முள்ளில் பட்டதும் முதல் மூன்று நான்கு நொடிதான் எல்லாம். அதற்குள் அதைத் தரையிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தூக்கிவிட வேண்டும். விட்டால் பொந்துக்குள் போய்ச் செவுளை விரித்து அடைத்துக்கொள்ளும், அப்புறம் நரம்பு அறுவதுதான் மிச்சம். அந்த இடத்தில் டிராக் கெட்டியாகப் பிடிக்கவும் வேண்டும், அதே நேரம் மீன் ஒரேயடியாக உதறும்போது முதல் இழுப்பில் திணறாமல் நழுவவும் வேண்டும். மலிவு ரீல்களில் அந்த முதல் இழுப்பு ஒரு வெட்டு வெட்டிவிட்டுத்தான் நகரும். பாதி நரம்பு அறுவது அந்த வெட்டில்தான். இதில் அப்படி இல்லை. தராசை மாட்டி இழுத்து ஏழு கிலோவில் வைப்பேன், அதாவது நரம்பின் தாங்குசக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. நான்கு வருடத்துக்குப் பிறகும் அதே ஏழு கிலோவில் அதே மாதிரி நழுவுகிறது. போன வருடம் மார்ச்சில் ஒரு கடல் விரால், பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும், படகுக்குக் கீழே வந்து எங்களைப் பார்த்ததும் திரும்பி ஒரே மூச்சில் ஓடியது. நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூல் சூடாகிவிட்டதே தவிர சத்தம் மாறவில்லை, இழுவை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கரைக்கு வந்து கார்பன் வாஷரைக் கழற்றிப் பார்த்தேன், கிரீஸ் மட்டும்தான் கொஞ்சம் கறுத்திருந்தது. ரீலின் உடம்பும் அப்படித்தான். முழு பலத்தோடு தூக்கும்போது ரீலைத் தண்டில் மாட்டும் காலும் அதன் உடலும் வளைந்து கியர் கரகரப்பது பல ரீல்களில் நடக்கும், இதில் அந்த உணர்வே இல்லை. கைப்பிடி ஆட்டம் கொடுக்கவில்லை, நரம்பை ஸ்பூலில் ஏற்றும் வளைகம்பியான பெயிலின் ஸ்பிரிங் உடையவில்லை. இவ்வளவும் உண்மை, ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை.

இனி ரோலர். ஸ்பின்னிங் ரீலில் நரம்பு ஸ்பூலுக்குள் போவதற்கு முன் பெயிலின் ஓரத்தில் இருக்கும் ஒரு சின்ன உருளை மேல் சட்டென்று திரும்பிப் போகும். சுண்டுவிரல் நகம் அளவு இருந்தால் அதிகம். மீனின் முழுப் பாரமும் அந்தத் திருப்பத்தில்தான் விழுகிறது. உருளை சுழன்றால் நரம்பு அதன் மேல் உருண்டு போகும், நின்றுவிட்டால் ஒரே இடத்தில் உரசிக்கொண்டே போகும். அது சுழல்வதற்கு உள்ளே இரண்டு குட்டி பேரிங், 4×7×2.5 மில்லிமீட்டர். ரீலுக்குள் இருக்கும் மற்ற பேரிங் எல்லாம் மூடிய கூட்டுக்குள் பத்திரமாக இருக்க, இந்த இரண்டு மட்டும் வெளியே, ஒவ்வொரு சுற்றிலும் கடல் தண்ணீரைப் பிழிந்துகொண்டு வரும் நரம்புக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கின்றன. அங்கேதான் நல்ல பேரிங் வைத்திருக்க வேண்டும், அங்கேதான் இருப்பதிலேயே மட்டமானதை வைத்திருக்கிறார்கள்.

முதல் சீசன் முடியும்போதே ஒரு 'கீச்' கேட்க ஆரம்பித்தது. வெறும் சுற்றில் கேட்காது, ஜிக்கைத் தூக்கிப் பாரம் ஏறினால் கேட்கும். ஜிக் அடிப்பது என்றால் என்ன, காலையிலிருந்து பத்து மணி வரைக்கும் தூக்கு, சுற்று, தூக்கு, சுற்றுதான். ஒவ்வொரு தூக்குக்கும் ஒரு கீச். படகு அண்ணன் இரண்டு மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, ரீலு இப்புடி அழுவுது, கொஞ்சம் எண்ணெய் காட்டக் கூடாதா" என்றார். எண்ணெய் விட்டால் அன்றைக்கு அடங்கும், அடுத்த முறை கடலுக்குப் போகும்போது மறுபடி கீச்.

கழற்றுவது கஷ்டமில்லை. ஒரே ஒரு ஸ்க்ரூ. ஆனால் அது வந்ததும் உருளை, இரண்டு பேரிங், நடுவில் ஒரு பிளாஸ்டிக் புஷ், தாளைப் போல மெலிசான வாஷர் என்று எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக நழுவும், வரிசை மாறினால் உருளை சுற்றவே சுற்றாது, அதனால் ஒவ்வொன்றையும் எடுக்கும்போதே போனில் படம் பிடித்துக்கொள்வது நல்லது. முதல் தடவை நான் திறந்தபோது பேரிங்கின் ஓரம் முழுக்க வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. விரலில் வைத்துத் திருப்பினால் பாதியில் நின்றது. பெட்ரோலில் போட்டுக் குலுக்கியதும் செம்மண் நிறத்தில் துரு உதிர்ந்து இறங்கியது. கழுவி, காயவைத்து, எண்ணெய் போட்டால் ஏதோ சுற்றும். குண்டுகள் ஓடும் தடத்தில் குழி விழுந்துவிட்டால் அந்த பேரிங்கின் கதை முடிந்தது, எத்தனை கழுவினாலும் வேலைக்கு ஆகாது.

கழுவாமல் விட்டிருப்பாய் என்று யாராவது சொல்வார்கள், அதற்கும் சொல்லிவிடுகிறேன். கடலிலிருந்து வந்த அன்றே டிராக்கை இறுக்கி, நல்ல தண்ணீரை ஸ்ப்ரே பாட்டிலில் எடுத்து மெதுவாகத் தெளித்துக் கழுவி, துடைத்து, டிராக்கைத் தளர்த்தி நிழலில் வைப்பேன். குழாயைத் திறந்து பலமாக அடிப்பது கிடையாது, அது உப்பை உள்ளே தள்ளிவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும், அதில் கழுவுவதும் கழுவாமல் விடுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் கேன் தண்ணீர்தான். ஆர்.ஓ. மெஷினிலிருந்து கழிவாக வரும் தண்ணீரையும் தொடுவதில்லை, அதில் உப்பு இன்னும் அதிகம். இத்தனை செய்தும் ஒரு சீசனுக்கு ஒரு ஜோடி பேரிங் போகிறது.

இதற்கு நடுவே சர்வீஸுக்குக் கொடுத்த கதை வேறு. ரீல் பெட்டியில் கொட்டை எழுத்தில் 'கடல் தண்ணீருக்கானது' என்று போட்டிருக்கிறது. வாரண்டி அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் துரு, அரிப்பு ஆகியவை வாரண்டியில் சேராது என்று இருக்கிறது. கடலுக்கென்று விற்கும் பொருளில் உப்பால் வரும் கோளாறை ஏற்கமாட்டோம் என்றால் எதைத்தான் ஏற்பார்கள்? சர்வீஸ் சென்டரில் பேரிங் மட்டும் தனியாகத் தர மாட்டோம், பெயில் பாகத்தையே மொத்தமாக மாற்ற வேண்டும் என்றார்கள். ஆறு வாரம் ஆனது, அதுவும் சரியாகப் பிப்ரவரியிலும் மார்ச்சிலும், கடல் குளம் மாதிரிக் கிடந்த நாட்களில். வந்த புதுப் பாகத்திலும் அதே பேரிங்தான். கோபம் வராமல் என்ன செய்யும்.

சத்தம் மட்டும்தான் என்றால் நான் இவ்வளவு பேசமாட்டேன். உருளை நின்றால் பிரெய்டில் முறுக்கு ஏறுகிறது. ஸ்பின்னிங் ரீலில் டிராக் நழுவும்போது கைப்பிடியைச் சுற்றினாலே முறுக்கு ஏறும், அது எல்லா ரீலுக்கும் பொது. அதோடு இதுவும் சேர்ந்தால் அடுத்த வீச்சில் வழியிலேயே முடிச்சு விழும். நரம்பு உரசிப் பஞ்சு பஞ்சாக எழும்பும், விரலை ஓட்டிப் பார்த்தால் சொரசொரப்பு தெரியும். இந்த வருடத் தொடக்கத்தில், ரீலை ரிப்பேருக்குக் கொடுப்பதற்குச் சற்று முன்னால், 35 மீட்டரில் ஒரு பெரிய கலவா. பொந்திலிருந்து தூக்கியாகிவிட்டது, டிராக் தன் வேலையைச் செய்துவிட்டது, பாதி ஆழம் வந்துவிட்டது, அப்போது பிரெய்ட் அறுந்தது. லீடரில் இல்லை, முடிச்சிலும் இல்லை, வெறும் நரம்பில். நுனியைப் பார்த்தால் தூரிகை மாதிரிப் பிரிந்திருந்தது. உருளை அன்று காலையிலேயே நின்றிருக்கிறது.

மீன் கைக்கு வராததில் எனக்கு வருத்தமில்லை, கடலில் அது சகஜம். வாயில் ஜிக்கும், பின்னால் பத்துப் பன்னிரண்டு மீட்டர் நரம்புமாகப் போனதே, அதுதான் இன்னும் உறுத்துகிறது. அந்த நரம்பு ஒரு கான்கிரீட் வளையத்தில் மாட்டினால் மீன் அங்கேயே கட்டுண்டு கிடக்கும். கலவா மெதுவாக வளரும் மீன். பெரும்பாலான கலவா இனங்கள் பெண்ணாக வளர்ந்து பிறகு ஆணாக மாறுபவை, அதனால் ஒரு பாரில் பெரிதாக நிற்பது அநேகமாக ஆண், அதுவும் எண்ணிக்கையில் கொஞ்சம்தான் இருக்கும். எங்கள் குழுவில் சமைக்கும் அளவுக்கு இரண்டு மூன்று எடுத்துக்கொண்டு பெரியதை விட்டுவிடுவது வழக்கம். ஆழத்திலிருந்து வரும் மீனுக்குக் காற்றுப்பை உப்பி மேலே மிதக்கும், அதைத் தலைகீழ் முள் கட்டிய ஈயக்குண்டோடு கீழே இறக்கி விடுவதற்கென்று தனி நரம்பே வைத்திருக்கிறோம். இத்தனை பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, சில நூறு ரூபாய் பேரிங்கால் ஒரு மீனை அந்த நிலையில் விட்டு வருவதை என்னால் ஏற்க முடியவில்லை.

தீர்வு என்று பார்த்தால், ஹைப்ரிட் செராமிக் பேரிங் போட்டுப் பார்த்தேன். உள்ளே உருளும் குண்டுகள் துருப்பிடிக்காது, சுற்றியிருக்கும் வளையம் ஸ்டீல்தான், அது பிடிக்கும். கொஞ்ச நாள் கூடுதலாக உழைக்கிறது, அவ்வளவே. அதைவிட, கெட்டியான கடல் கிரீஸை பேரிங்குக்குள் பிதுங்கப் பிதுங்க அடைத்து மூடினால் நன்றாக நிற்கிறது. உருளை லேசாகச் சுழலாது, கனத்துத்தான் சுழலும், பாரம் ஏறினால் அது ஒரு பொருட்டில்லை. இப்போது அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

சரி, நண்பரின் கேள்விக்கு வருகிறேன். டிராக்குக்கு முழு மதிப்பெண், உடம்புக்கு முழு மதிப்பெண், விலையும் இறங்கியிருக்கிறது, இருந்தாலும் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். வஞ்சிரம், பாரைக்கு மேல்தண்ணீரில் வீசிப் பிடிப்பதுதான் உங்கள் முக்கிய வேலை என்றால் ஸ்பின்னிங் ரீல் இல்லாமல் முடியாது, அப்போதும் ரோலர் நன்றாக மூடியிருக்கும் வேறொன்றைப் பாருங்கள், கடையில் கையில் வாங்கி அந்த உருளையை விரலால் தள்ளிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பாரில் நேராகக் கீழே இறக்கி ஜிக் அடிப்பதுதான் என்றால் ஓவர்ஹெட் ரீல் எடுங்கள். அதில் ரோலர் என்ற சமாச்சாரமே கிடையாது, நரம்பு நேராக ஸ்பூலில் ஏறும், முறுக்கும் இல்லை. நரம்பைக் கட்டைவிரலால் இடமும் வலமும் பரப்பப் பழக வேண்டும், கொஞ்ச நாளில் கை தானாகச் செய்யும்.

இதைப் படிப்பதற்குள் பணம் கட்டிவிட்டீர்கள் என்றால், கூடவே 4×7×2.5 பேரிங் நாலும் ஒரு டப்பா கிரீஸும் ஆர்டர் போட்டுவிடுங்கள். ரீல் வந்த அன்றே, கடலைக் காட்டுவதற்கு முன்பே, ரோலரைத் திறந்து கிரீஸை அடைத்துவிடுங்கள்.