பாத மருத்துவருக்கு அக்குபஞ்சர் பயிற்சி: டர்பனிலிருந்து ஒரு நெடுநாள் அனுபவம்

"அக்குபஞ்சர் பயிற்சிக்குச் சேரலாமா, போட்ட காசு திரும்புமா" என்று எங்கள் தொழிலில் இருக்கும் இளையவர்கள் கேட்பது வழக்கமாகிவிட்டது. சேரலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் பணம் கட்டுமுன் ஒன்றை விசாரித்துக்கொள்ளச் சொல்வேன்: அந்தப் பயிற்சியில் உங்கள் விரல்கள் எவ்வளவு நேரம் ஒரு மனிதக் காலின்மேல் இருக்கும்? பக்கத்தில் நின்று யார் பார்த்துத் திருத்துவார்கள்? பாடத்திட்டம், சான்றிதழ், கட்டணம் எல்லாம் அதற்கு அப்புறம். பல வருடம் ஊசி வைத்தபின் சொல்கிறேன், இந்தக் கலையில் ஊசி கடைசிப் படி. அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் தொட்டறிவது.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த் பக்கம் கிளினிக் வைத்திருக்கும் போடியாட்ரிஸ்ட். தமிழ்நாட்டுச் சொந்தங்களுக்கு இந்தத் தொழில் அவ்வளவாகப் பழக்கமில்லை, எலும்பு டாக்டரா என்பார்கள். பாதமும் அதைத் தாங்கும் காலும்தான் எங்கள் எல்லை: கால் ஆணி, நகம், சர்க்கரைப் புண், நடைக் கோளாறு, குதிகால் வலி, கணுக்கால் சுளுக்கு. அக்குபஞ்சரை நான் இங்கே படிக்கவில்லை. இங்கிலாந்தில் என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவ சேவையின் கிளினிக்கில் வேலை பார்த்தபோது எடுத்த பயிற்சி அது. டாக்டர்கள், நர்சுகள், பிசியோக்கள், எங்களைப் போன்றவர்கள் எல்லாரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தோம்.

அங்கே சொல்லிக்கொடுத்தது மேற்கத்திய மருத்துவ அக்குபஞ்சர். சீனத்திலிருந்து வந்த புள்ளிகளின் பெயர்களை வைத்துக்கொள்வார்கள். விளக்கம் மட்டும் நரம்பு, தசை, முதுகுத்தண்டு என்று போகும். பிரிட்டனில் இதற்கான சங்கம் 1980ல் தொடங்கியது. அதை நிறுவியவர்களில் முக்கியமானவரான ஃபீலிக்ஸ் மான் முதலில் மரபு முறையைக் கற்று, பிற்காலத்தில் நிலையான புள்ளிகளும் நாடிப்பாதைகளும் இல்லை என்றே எழுதினார். கூடவே ட்ரை நீடிலிங் என்ற இன்னொரு கிளையும் வரும். தசையில் இறுகிக் கிடக்கும் ட்ரிகர் பாயின்ட்டில் மருந்து எதுவும் செலுத்தாமல் வெறும் ஊசியை வைப்பது. 1979ல் செக் நாட்டு மருத்துவர் காரெல் லெவிட் 241 நோயாளிகளை வைத்து எழுதிய கட்டுரை இதற்கு ஒரு பெரிய தொடக்கம்: வலியைக் குறைப்பது மருந்தைவிட ஊசிதான் என்றார் அவர். இந்த வரலாறு பரீட்சைக்கு உதவும், கிளினிக்கில் ஓரளவுதான்.

கிளினிக்கில் உதவியது வகுப்பின் பிற்பகல்கள். காலையில் பாடம், மதியத்துக்கு மேல் பேண்ட்டை முழங்காலுக்கு மேலே மடித்துக்கொண்டு ஒருவர் காலில் ஒருவர். எங்கள் ஆசிரியை பேனாவை நீட்டி, "முதலில் எலும்பைத் தேடு, அப்புறம் தசையை, ஊசியைக் கடைசியில் எடு" என்பார். முழங்காலுக்கு வெளிப்புறம் சற்றுக் கீழே ஃபிபுலா எலும்பின் தலை தட்டுப்படும். அதன் கழுத்தைச் சுற்றித்தான் பாதத்தை மேலே தூக்க வைக்கும் நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. அதைப் பேனாவால் கோடு போட்டுக் காட்டாமல் யாரும் ஜிபி 34 புள்ளிக்கு (அக்குபஞ்சர் புள்ளிகளுக்கு இப்படி எழுத்தும் எண்ணும்தான் பெயர்) ஊசி எடுக்கக்கூடாது. கணுக்காலின் உட்புற எலும்புக்கும் குதிநாணுக்கும் நடுவே கேஐ 3. அங்கே விரலை வைத்தால் ரத்தக்குழாய் துடிப்பது தெரியும், துடிப்பைப் பிடித்த பிறகுதான் எங்கே வைக்கக்கூடாது என்பது தெரியும். எஸ்டி 36 எளிது: முழங்கால் சில்லுக்குக் கீழே நான்கு விரல், கணைக்கால் எலும்பின் முன்விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே.

கல்லூரியில் காலின் உடற்கூற்றை நன்றாகத்தான் படித்தோம். ஆனால் உயிருள்ள தோலுக்கு அடியில், இதோ கெண்டைத் தசை முடிகிறது, இதோ அதன் அடியிலிருக்கும் சோலியஸ் தசை தொடங்குகிறது என்று விரல்நுனியால் பிரித்தறியும் பழக்கம் அந்த மதியங்களில்தான் வந்தது. சித்திரமும் கைப்பழக்கம் என்று சும்மாவா சொன்னார்கள். இப்போது ஊசியே வைக்காத நோயாளிகளிடமும் அந்தப் பழக்கம் எனக்கு உதவுகிறது. இந்தப் பயிற்சியில் எனக்குக் கிடைத்த பெரிய லாபமாக அதைத்தான் சொல்வேன்.

சாட்ஸ்வொர்த்தில் என்னிடம் வரும் வலிகளில் முதலிடம் குதிகாலுக்கு. தையல் ஃபேக்டரியில் சிமெண்ட் தரையில் வருடக்கணக்காக நின்ற பெண்கள் நிறையப் பேர். காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது உயிர் போகிறது, கொஞ்சம் நடந்தால் தணிகிறது, சாயங்காலம் மறுபடி பிடிக்கிறது என்பார்கள். இந்த வலிக்கு ஊசி வைக்கும் விதத்தைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

குதிகால் வலி என்றால் ஊசியும் குதிகாலின் அடியில் என்று நினைப்பார்கள். அடித்தோல் கெட்டி, அங்கே குத்தினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். வலிக்கும் காலைக் கீழாக வைத்து ஒருக்களித்துப் படுக்கச் சொல்வேன். அப்போது பாதத்தின் உள்வளைவு மேலே பார்க்கும். அந்தப் பக்கத் தோல் மெல்லியது. குழாயோடு ஊசியை வைத்து ஒரு தட்டு, குழாயை எடுத்துவிட்டு, பாதத்துக்குக் குறுக்காக மெதுவாக உள்ளே. நரம்பும் ரத்தக்குழாயும் அந்த வழியில்தான் போகின்றன, அதனால் அவசரமே கூடாது. சரியான தசையைத் தொட்டால் நோயாளியே சொல்லிவிடுவார்: "கனமா இருக்கு, உள்ளே யாரோ அழுத்துற மாதிரி." சுரீரென்று மின்னல் அடித்ததாகச் சொன்னால் உடனே பின்னால் இழுக்கவேண்டும், அது நரம்பு. இதற்கு முன்பே கெண்டைக்காலை அழுத்திப் பார்த்திருப்பேன். சோலியஸ் தசையின் ட்ரிகர் பாயின்ட் வலியைக் குதிகாலுக்கே அனுப்பும். ட்ரிகர் பாயின்ட்டுகளை ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர் ஜேனட் ட்ராவலின் வலி வரைபடங்களில் இது உண்டு. பலருக்குப் பாதத்தில் ஊசியே வேண்டியிருக்காது, கெண்டைக்காலோடு முடிந்துவிடும்.

பலன்? இதற்கு நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்யூ காச்செட் குழுவினர் 2014ல் வெளியிட்டது. 84 பேர், வாரம் ஒருமுறை அரை மணி நேரம், 6 வாரம், பாதிப்பேருக்கு நிஜ ஊசி, மீதிப்பேருக்குத் தோலைத் துளைக்காத போலி ஊசி. நிஜ ஊசிக்காரர்களுக்கு முதல் அடி வலி கூடுதலாகக் குறைந்தது, வலியை அளக்கும் 100 மில்லிமீட்டர் அளவுகோலில் சுமார் 14 மில்லிமீட்டர். ஒரு நோயாளி "நல்ல மாற்றம்" என்று உணரத் தேவை என அவர்களே வைத்த அளவை அது எட்டவில்லை. நிஜ ஊசி அமர்வுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் சிறு உபாதையும் இருந்தது, பெரும்பாலும் ஊசி வைத்த இடத்து வலி. நான் இதை நோயாளிகளிடம் அப்படியே சொல்கிறேன். என் அனுபவமும் கிட்டத்தட்ட இதேதான். ஊசி மட்டும் வைத்து அனுப்பியவர்களுக்கு வலி குறையும், அப்புறம் திரும்பும்.

அதனால் ஊசியின் வேலை வலியைச் சில நாட்களுக்குத் தணிப்பது, அந்த நாட்களில் காலைப் பலப்படுத்துவது நோயாளியின் வேலை என்று பிரித்துக்கொண்டேன். குதிகாலுக்கு, விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து ஒற்றைக்காலில் எம்பி இறங்கும் பயிற்சி, ஒருநாள் விட்டு ஒருநாள். குதிநாண் வலிக்கு ஸ்வீடனின் ஆல்ஃபிரெட்சன் 1998ல் கொடுத்த முறை: படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்குவது, 15 தடவையாக 3 சுற்று, காலையும் மாலையும், 12 வாரம். முதல் வாரத்தில் வலியால் இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். ஊசியின் உதவியோடு அந்த முதல் வாரங்களைத் தாண்டியவர்களைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். அவர்களில் பலர் பிறகு ஊசிக்கே வருவதில்லை, எனக்கு அதில்தான் மனம் நிறைகிறது.

காம்ரேட்ஸ் மாரத்தான் நெருங்கும் மாதங்களில் கூட்டம் மாறும். 1921லிருந்து டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிற்கும் இடையே நடக்கும் ஓட்டம், ஏறத்தாழ 90 கிலோமீட்டர், ஒரு வருடம் மேலேறும், அடுத்த வருடம் பெரும்பாலும் கீழிறங்கும். இறங்கும் வருடத்தில் தொடைக்கும் கெண்டைக்கும் அடி அதிகம். ஓட்டத்துக்கு முந்தின நாள் வந்து கெண்டைக்காலில் ஊசி கேட்பார்கள். வைக்கமாட்டேன். ஆழமாக ஊசி வைத்த தசை ஓரிரு நாள் கன்றிப்போய் வலிக்கும், அந்தக் காலோடு அவ்வளவு தூரம் போகக்கூடாது. ஓட்டத்துக்கு வெகுநாள் முன்பே வரச் சொல்லிவிடுகிறேன்.

இனி, யாருக்கு வைக்கக்கூடாது என்ற விஷயம். எங்கள் சமூகத்தில் சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு. மரத்துப்போன காலில் ஊசி ஆழமாகப் போனாலும் நோயாளிக்குத் தெரியாது, புண் வந்தால் ஆறவும் தாமதமாகும். ஆகவே தொடு உணர்வைச் சோதிக்கும் 10 கிராம் மோனோஃபிலமெண்ட் இழை, அதிர்வு உணர்வைச் சோதிக்கும் 128 ஹெர்ட்ஸ் ஸ்ருதிக்கவை, பாதத்தின் இரண்டு நாடித்துடிப்புகள், இவற்றைப் பார்க்காமல் என் கிளினிக்கில் ஊசிப் பொட்டலம் பிரிவதில்லை. உணர்வோ ரத்த ஓட்டமோ குறைந்திருந்தால் பாதத்தில் ஊசி இல்லை. நிணநீர் வீக்கம் உள்ள கால், புண் அல்லது தொற்று உள்ள தோல், இங்கெல்லாம் கூடாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாதிரி மாத்திரை எடுப்பவர்களுக்கு ஆழமான ஊசி வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு எஸ்பி 6 புள்ளியை மரபாகவே தவிர்ப்பார்கள், நானும் தவிர்க்கிறேன். முறையாகப் படித்தவர் கையில் ஆபத்து குறைவு என்பதற்கும் சான்று உண்டு: பிரிட்டனில் டாக்டர்களும் பிசியோக்களும் செய்த சுமார் 32,000 அமர்வுகளைத் தொகுத்து 2001ல் வந்த ஆய்வில் கடுமையான விபத்து ஒன்றுகூட இல்லை. பதிவான குறைகளில் ஊசியை எடுக்க மறந்ததும் ஒன்று. வைத்த ஊசியை எண்ணி எழுதி, எடுத்த ஊசியை எண்ணி எழுதுவதை வகுப்பில் அவ்வளவு வற்புறுத்தியதன் காரணம் அதுதான்.

ஊசி என்றால் எங்கள் ஆட்களுக்குப் பயம் குறைவு. தைப்பூசக் காவடிக்கு அலகு குத்திக்கொள்பவர்களும், புனித வெள்ளி அன்று தீமிதிப்பவர்களும் இருக்கும் ஊர் இது. ஆனால் அந்தப் பழக்கத்தோடு சில எதிர்பார்ப்புகளும் வந்துவிடும். "விரதம் இருந்து வரணுமா கண்ணு?" என்று ஒரு ஆயா கேட்டார். "நல்லா சாப்பிட்டுட்டு வாங்க ஆயா" என்றேன். வெறும் வயிற்றோடு வந்தால் மயக்கம் வர வாய்ப்புக் கூடும், முதல் அமர்வை எல்லாருக்கும் படுக்கவைத்தே செய்வதும் அதனால்தான். ரத்தம் வந்தால் பக்தியில் குறையோ என்று கலங்குகிறவர்களும் உண்டு. ஒரு துளி வருவது சாதாரணம், பஞ்சை வைத்து அழுத்தினால் நின்றுவிடும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும். காவடிக்காகத் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து கொப்புளத்தோடு வரும் காலுக்கு மட்டும், தோல் ஆறும்வரை ஊசி கிடையாது.

ஊர் திரும்பிய பின் இன்னொரு இடத்தில் ஒரு வாரக்கடைசிப் பயிற்சிக்கும் போனேன், பெயர் வேண்டாம். ஹாலில் ஏகப்பட்ட பேர், ஒரே ஆசிரியர், திரையில் நாடிப்பாதைப் படங்கள். என் கையை யாரும் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த பையன் முழங்காலுக்கு வெளிப்புறம் நரம்பு ஓடும் இடத்திலேயே ஊசியை ஓங்கினான், நான்தான் தடுத்தேன். மாலையில் எங்கள் எல்லாருக்கும் சான்றிதழ் கிடைத்தது. இப்படிப்பட்டதற்குக் காசு கட்டாதீர்கள்.

சட்ட விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில் போடியாட்ரி, சுகாதாரத் தொழில்கள் பேரவையின் கீழ் வருகிறது. அக்குபஞ்சர் வைத்தியர்கள் துணை நலத்தொழில்கள் பேரவையில் பதிவு செய்கிறவர்கள். இரண்டும் வேறு வேறு. அதனால் என் போர்டில் "அக்குபஞ்சர்" என்று நான் எழுதுவதில்லை. வெளிநாட்டில் படித்துவிட்டு வருகிறவர்கள், முதல் ஊசியை எடுக்குமுன் பேரவையிடமும் உங்கள் தொழில் காப்பீட்டுக்காரரிடமும் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போனில் சொன்னார்கள் என்பது பிரச்சினை வந்தால் நிற்காது.

முழங்கால் தேய்மானத்துக்கு ஊசி வைப்பீர்களா என்று கேட்டு வருபவர்கள் நிறைய. மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2022ல் தேய்மானத்துக்கு அக்குபஞ்சர் வேண்டாம் என்று வழிகாட்டியது. அதே அமைப்பு 2021ல், காரணம் பிடிபடாத நாள்பட்ட வலிக்கு ஒரு சுற்று அக்குபஞ்சர் தரலாம் என்றும் சொன்னது. இரண்டையும் சொல்லி, தேய்மானக்காரர்களைத் தொடைப் பயிற்சிக்கும் எடைக் குறைப்புக்கும் அனுப்புகிறேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு இடம் போகிறார்கள், போகட்டும்.

செலவு என்று பார்த்தால் பயிற்சிக் கட்டணம்தான் பெரிது, அப்புறம் பெரிதாக ஒன்றுமில்லை. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசிகள், பாதத்துக்கு 0.25 மில்லிமீட்டர் தடிமனில் 25 அல்லது 30 நீளம், கெண்டைக்காலுக்கு 40. மஞ்சள் நிறக் கூர்முனைக் கழிவு டப்பா. ஊசிக்கென்று தனிக் கட்டணம் நான் வாங்குவதில்லை, வழக்கமான பார்வையிலேயே அடக்கம். புதிதாகச் சேருகிறவர்கள் பயிற்சி முடிந்த கையோடு வாரம் ஒருநாளாவது அனுபவமுள்ள ஒருவரின் கிளினிக்கில் பக்கத்தில் நின்று பழகுங்கள். அப்படி வர விரும்பும் போடியாட்ரிஸ்டுகளுக்கு என் கிளினிக்கில் எப்போதும் இடம் உண்டு, பேண்ட்டை மட்டும் முழங்காலுக்கு மேலே மடிக்கிற மாதிரி போட்டுக்கொண்டு வாருங்கள்.