மட்டக்களப்பு கல்லடியில் விஞ்ஞான ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி: போய் வந்தவள் சொல்வது

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மதியச் சாப்பாட்டோடு 1500 ரூபாய். களுவாஞ்சிக்குடியிலிருந்து பஸ்ஸில் போனேன். முதல் நாள் காலை வீண். புரொஜெக்டரில் ஓடியதை வீட்டிலிருந்தே வாசித்திருப்பேன்.

பின்னேரம்தான் விஷயம் தொடங்கியது. செவ்வரத்தம் பூவைச் சுடுநீரில் ஊறவைத்து வடித்தோம். அந்தச் சாற்றில் தேசிக்காய் பிழிந்தால் இளஞ்சிவப்பு, சவர்க்காரத் தண்ணீர் விட்டால் பச்சை. அமிலமா மூலமா என்று நிறம் மாறிக் காட்டும் பாசிச்சாயத்தாள் முடிந்துவிட்டது என்று அமில, மூலப் பாடத்தைத் தள்ளிப்போடுகிற எனக்கு இது ஒன்றே காசுக்குப் போதும்.

மறுநாள் சோடா குடிக்கும் குழாயின் அடியைக் களியால் அடைத்து, திரவத்தின் அடர்த்தியைப் பார்க்கும் நீரமானி செய்தோம். கிணற்று நீர், வாவி நீர், கடல் நீர் என்று மூன்று போத்தல். கடல் நீரில் லீட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு; அடர்த்தி கூட, அதனால் குழாய் அதில் உயர்ந்து நிற்கும். என்னுடையது இரண்டு தரம் சரிந்து விழுந்தது, களி காணாது. வாவியில் பாடும் மீனைப் பற்றியே கதைக்கிற ஊரில், வாவித் தண்ணீரை வகுப்புக்குக் கொண்டுபோக எனக்கு ஏன் இத்தனை வருடம் தோன்றவில்லை?

குறையும் உண்டு. 40 பிள்ளைகளோடு 40 நிமிடத்தில் இதை எப்படி முடிப்பது என்று கேட்டேன். "குழுவாகச் செய்யுங்கள்" என்றார் வளவாளர். அது எங்களுக்குத் தெரியாதா? சான்றிதழில் என் பெயரும் பிழை.

சரி, திங்கட்கிழமை தரம் 10 இல் பூச்சாறு செய்தேன். பின்வரிசைப் பெடியன் ஒருவன், "டீச்சர், பிளேன்டீயிலும் பார்ப்பமா?" என்றான். தேசிக்காய் விட்டதும் தேத்தண்ணி வெளிறியது.