20 ரூபாய் பாட்டிலும் ஒரு டன் சருகும்: தோட்டப் பராமரிப்புத் தொழிலுக்கு வேஸ்ட் டீகம்போசர் எந்த அளவு உதவும்?

வீட்டுத் தோட்டங்களையும் அடுக்குமாடிப் புல்வெளிகளையும் பராமரித்துத் தருபவர்களிடம் சாயங்காலம் ஒரு வண்டிக் கழிவு சேர்ந்துவிடும். வெட்டிய புல், குரோட்டன்ஸ் கவாத்துக் குச்சி, மாஞ்சருகு, தென்னை மட்டை எல்லாம் அதில் கலந்து கிடக்கும். அதைத் தெருமுனையில் கொட்டவோ கொளுத்தவோ கூடாது. தோட்டக் கழிவைத் தனியாக வைக்க வேண்டும், வெளியில் எரிக்கக் கூடாது என்று 2016-லேயே திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லிவிட்டன. எருவாக்கி, அதே வாடிக்கையாளர் தோட்டத்துக்குத் திருப்பிக் கொடுப்பதுதான் நல்ல வழி. இந்த வேலைக்குப் பலரும் வாங்குவது காசியாபாத்தில் உள்ள மத்திய அரசின் இயற்கை வேளாண்மை மையம் 2015-ல் வெளியிட்ட வேஸ்ட் டீகம்போசர். நாட்டு மாட்டுச் சாணத்திலிருந்து பிரித்தெடுத்த நுண்ணுயிர்கள் அடங்கிய 30 கிராம் பாட்டில் இது. வெளியிட்டபோது மையத்தின் விலை 20 ரூபாய். கைமாறி வந்தால் விலை கூடும். இதே பெயரில் தனியார் திரவங்களும் கிடைக்கின்றன. வாங்கும்போது எது என்று பார்த்து வாங்க வேண்டும்.

கரைசல் தயாரிப்பது எளிது. 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, 2 கிலோ வெல்லத்தைக் கரைத்து, பாட்டிலில் உள்ளதைக் கை படாமல் கொட்ட வேண்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு ராத்திரி திறந்து வைத்துவிட்டுப் பிறகு பயன்படுத்துவது நல்லது. பளபளவென்று வெளுத்த வெல்லத்தைவிடக் கறுத்த வெல்லம் மேல். மரக்குச்சியால் காலையிலும் மாலையிலும் கலக்கி, வாயைப் பருத்தித் துணியால் கட்டிவிடலாம். 5 முதல் 7 நாளில் மேலே நுரை கட்டி, கரைசல் பாலேடு நிறத்துக்கு மாறி, லேசான புளிப்பு வாடை வரும். அழுகல் நாற்றம் அடித்தால் கலக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். புழு நெளிந்தால் துணி கட்டியதில் இடைவெளி இருந்து ஈ புகுந்திருக்கிறது. தயாரான கரைசலில் 20 லிட்டரை எடுத்து வைத்து, அதோடு 2 கிலோ வெல்லமும் சேர்த்து டிரம்மை மறுபடி தண்ணீரால் நிரப்பினால் அடுத்த டிரம் தயார். அதனால் முதல் பாட்டிலுக்குப் பிறகு செலவு வெல்லத்துக்கு மட்டும்தான். பணக் கணக்கில் இதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு டன் கழிவுக்கு 20 லிட்டர் கரைசல் தெளித்து, வாரம் ஒரு முறை புரட்டினால் 40 நாளில் எரு ஆகும் என்பது மையத்தின் வழிகாட்டல். சாணத்தோடு கலந்த மென்மையான இலைதழைக்கு இந்தக் கணக்கு ஒத்துவரும். தோட்டப் பராமரிப்புக் கழிவு அப்படிப்பட்டதல்ல. மாவிலைக்கு மெழுகுப்பூச்சு உண்டு, குச்சியில் லிக்னின் என்ற, எளிதில் மட்காத மரப்பொருள் அதிகம், தென்னை மட்டை முழுக்க நார். இவற்றை முழுசாகக் குவித்து எந்தக் கரைசலை ஊற்றினாலும் நான்கைந்து மாதம் அப்படியே கிடக்கும். நுண்ணுயிர் வேலை செய்வது மேற்பரப்பில்தான், அந்த மேற்பரப்பைக் கூட்டித் தருவது வெட்டும் இயந்திரம். பாட்டிலுக்கு முன்னால் வாங்க வேண்டியது ஷ்ரெடர்.

தீவனம் வெட்டும் சாஃப் கட்டர் புல்லுக்கும் இளந்தழைக்கும் போதும், கவாத்துக் குச்சிக்கு ஆகாது. சருகு மட்டும்தான் என்றால் தரையில் பரப்பி, அதன் மேல் புல்வெட்டும் இயந்திரத்தை இரண்டு முறை ஓட்டினாலே பாதிக்கும் கீழாகக் குறுகிவிடும். ஷ்ரெடரில் பெரும்பாலும் இரண்டு தொல்லை வரும். ஈரப்புல்லை மட்டும் போட்டால் வெளிவாய் அடைத்துக்கொள்ளும். கூடவே காய்ந்த குச்சியும் போட்டால் அடைப்பை அதுவே தள்ளிக்கொண்டு வந்துவிடும். தென்னை ஓலையைப் போட்டால் நார் இயந்திரத்தின் சுழலும் தண்டில் சுற்றி மோட்டார் சூடாகும். ஓலையைக் கழித்துவிட்டு மட்டையைத் தனியே மூடாக்குக்கு வைத்துவிடலாம். வெளியே வரும் துண்டு சீவியதுபோல் இல்லாமல் நாராகக் கிழிந்து வந்தால் பிளேடு மழுங்கிவிட்டது. ரோஜாச் செடிக்குக் கட்டிய நைலான் கயிறும் கட்டுக்கம்பியும் உள்ளே போகாமல் முதலிலேயே பொறுக்கிவிட வேண்டும். துண்டும் தொளதொளச் சட்டையும் அணிந்து இயந்திரத்தின் அருகே நிற்கக் கூடாது. உள்ளே தள்ளுவதற்குக் கையைப் பயன்படுத்தவே கூடாது, கட்டைதான்.

அடுத்தது கலவை. வெறும் புல்லைக் குவித்தால் இரண்டே நாளில் நனைந்த பாய்போல ஒட்டிக்கொண்டு, உரித்தால் தகடு தகடாக வரும், அமோனியா நெடி கண்ணைக் கரிக்கும். தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகமாகி, காற்றும் போகாததால் வரும் கோளாறு அது. வெறும் சருகைக் குவித்தால் சூடே ஏறாது. பச்சைப்புல் ஒரு கூடைக்கு அரைத்த சருகு இரண்டு கூடை என்று கலந்தால் கரிச்சத்தும் (கார்பன்) தழைச்சத்தும் ஏறத்தாழ 30-க்கு 1 என்ற அளவில் அமையும். டன்னுக்கு 100 கிலோ சாணம் சேர்த்தால் இன்னும் நல்லது. நான்கடி அகலம், மூன்றரை அடி உயரம், பத்தடி நீளக் குவியலில் சுமார் ஒரு டன் பிடிக்கும். இதைவிடச் சின்னதாக இருந்தால் சூடு தங்காது. ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு எட்டிப் பார்க்க வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் குறைவு. மழைக்குக் கீற்று போட்டு மூடலாம். தார்ப்பாயை இறுக்கிக் கட்டினால் மூச்சு முட்டிவிடும்.

சூட்டைப் பார்க்கத் தெர்மாமீட்டர்தான் வேண்டும் என்றில்லை. கடப்பாரையை நடுவில் செருகி, பத்து நிமிடம் கழித்து உருவினால் நுனியைப் பிடிக்க முடியாமல் சுட வேண்டும். 55 டிகிரிக்கு மேல் சில நாள் நின்றால்தான் களை விதை சாகும். ஓரங்களில் அந்தச் சூடு வராது என்பதால், புரட்டும்போது ஓரத்தில் இருப்பது உள்ளே போக வேண்டும். கோரைக்கிழங்கை மட்டும் குவியலில் சேர்க்கவே வேண்டாம். சிமென்ட் தரையில் போட்டுச் சுக்காகக் காயவிடுவதே பாதுகாப்பு. களைக்கொல்லி அடித்த புல்வெளியில் அடுத்த இரண்டு மூன்று வெட்டுகளையும் ஒதுக்கிவிடுங்கள்.

இப்படி அரைத்து, கலந்து, வாரம் தவறாமல் புரட்டினால் டீகம்போசர் தெளித்த குவியல் 60 முதல் 75 நாளில் தயாராகும். சாணம் கிடைக்காத நகரத்தில் கரைசலின் பலன் கண்கூடு. சாணம் தாராளமாகக் கிடைக்கும் இடத்தில், சாணக்கரைசல் தெளித்த குவியலுக்கும் இதற்கும் வித்தியாசம் பெரிதாக இருக்காது. கழிவை மட்கவைக்கும் நுண்ணுயிர்க் கலவையான, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயோமினரலைசரும் உண்டு. டன்னுக்கு 2 கிலோவை 20 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்தால் போதும், டிரம்மைத் தினம் இருமுறை கலக்கும் வேலை மிச்சம். கழிவு ஒரு வாரம் வந்து ஒரு வாரம் வராத சின்னத் தொழிலுக்கு அதுவே வசதி. தினமும் கழிவு சேரும் பெரிய நர்சரிக்கு டீகம்போசர்.

விற்பதற்கு முன் ஒரு சோதனை. எருவைத் தொட்டியில் நிரப்பிப் பத்து வெந்தயம் விதைத்தால் நாலைந்து நாளில் குறைந்தது எட்டு முளைக்க வேண்டும். முளை கருகினால் இன்னும் மூன்று வாரம் விடுங்கள். சலிக்கும்போது ஆங்கில ‘சி’ எழுத்துபோல் சுருண்ட, பழுப்புத் தலையுள்ள பருத்த வெள்ளைப் புழு கிடைத்தால் அது தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம். பொறுக்கி அழிக்காமல் தென்னை உள்ள வீட்டுக்கு அந்த எருவை அனுப்பக் கூடாது. குவியலில் மெட்டாரைசியம் பூஞ்சையைக் கலந்து வைத்தால் புழு கட்டுப்படும்.

கால் அங்குலச் சல்லடையில் தங்கும் குச்சியையும் கட்டியையும் தூக்கிப் போட வேண்டாம். நுண்ணுயிர் ஊறிப்போன சரக்கு அது. புதுக் குவியலில் அடுக்குக்கு அடுக்கு தூவினால், அந்தக் குவியலுக்குப் பாட்டில் இல்லாமலேயே மூன்றாம் நாள் கடப்பாரை சுடும்.