தர்மபுரியில் பைக் சீட் தைக்கக் கொடுப்பவர்கள் கவனிக்க: கிழிந்தது ரெக்சின், காணாமல் போனது ஃபோம்

சீட் கவர் மாற்றச் சொல்லிக் கொடுத்த பைக்கில், உள்ளே இருந்த கம்பெனி ஃபோமை எடுத்துவிட்டுக் கழிவுத் துண்டுகளை வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். தர்மபுரி டவுனில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள ஒரு கடையில் எனக்கு நடந்தது இது. புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே சொல்லவில்லை. பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கமிருந்து இந்த வேலைக்காக டவுனுக்கு வருகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் கால்நடை மருந்து விற்பனைப் பிரதிநிதி. காரிமங்கலம், பாலக்கோடு, மாரண்டஅள்ளி என்று பகல் முழுக்க வண்டியில்தான் இருப்பேன். வண்டி நூறு சிசி, பழசு, ஆனால் இன்ஜின் நன்றாக இருக்கிறது. சீட்டில்தான் பிரச்சினை. வெயிலில் ரெக்சின் வெடித்து, தையல் விட்டு, மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. முன்பக்கம் வேறு கொஞ்சம் சரிவு. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் உடம்பு டேங்க் பக்கம் வழுக்கும். அந்தச் சரிவை நிரவி, மேலே புது ரெக்சின் போட வேண்டும். கேட்டது அவ்வளவுதான்.

கடைக்காரர் நன்றாகத்தான் பேசினார். "பண்ணிக்கலாம்ணா, உங்க ஃபோம் அப்படியே இருக்கும், முன்னாடி மட்டும் ஏத்திடறேன், ரெண்டு வருஷம் கேரண்டி" என்றார். 900 ரூபாய் என்று பேசினோம். சீட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு சாயங்காலம் வரச் சொன்னார். போனபோது வேலை முடிந்திருந்தது. பார்க்கப் பளபளவென்று இருந்தது, நடுவில் சிவப்பு நூலில் டைமண்ட் தையல். அந்தத் தையலை நான் கேட்கவே இல்லை. "ஃபோம் வேலை எக்ஸ்ட்ரா வந்துடுச்சுண்ணா" என்று 1,450 ரூபாய் வாங்கினார். துண்டுச் சீட்டில் 'சீட் வேலை' என்றும் தொகையும் மட்டும் எழுதியிருந்தது.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. சில வாரத்தில் முன்பக்கம் கல் மாதிரி ஆனது, அதன் பின்னால் குழி விழுந்தது. தொடை மரத்துப்போய், இறங்கி நின்றால் இடுப்பு நிமிர நேரமாகும். ஒரு மழையில் நனைந்த பிறகு, வெயில் அடித்த மறுநாளும் உட்கார்ந்தால் பேன்ட் ஈரமானது. எல்லாவற்றையும் விட மோசமானது, தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடித்தபோது சீட்டே ஒரு பக்கம் நகர்ந்ததுதான். லாரிகள் வரிசையாக இறங்குகிற சாலை அது. அங்கே சீட் நகர்வது சின்ன விஷயம் இல்லை.

பாலக்கோட்டில் எனக்குத் தெரிந்த குஷன் வேலைக்காரர் ஒருவரிடம் கொண்டுபோய்ப் பிரிக்கச் சொன்னேன். பின்களைப் பிடுங்கி ரெக்சினை உரித்ததும் பச்சை, மஞ்சள், வெள்ளை என்று பல நிறத் துண்டுகளை ஒட்டி அமுக்கிய ஃபோம் தெரிந்தது. முன்பக்கம் சரிவை நிரவ ஏதோ பழைய ரப்பர் விரிப்பை வெட்டி வைத்திருந்தார்கள். ஓரங்களில் இருந்த இடைவெளியில் துணிக் கந்தலைத் திணித்திருந்தார்கள். சீட்டின் அடித்தட்டில் இருக்க வேண்டிய ரப்பர் குமிழ்களில் பாதியைக் காணோம். முன்பக்கக் கொக்கி சட்டத்தில் சரியாக மாட்டாமல், பின்னால் லாக் மட்டும் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. என் பழைய ஃபோமில் ஒரு துண்டுகூட உள்ளே இல்லை.

ஃபோமுக்காக ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். வண்டியோடு வருகிற ஃபோம் பலகையிலிருந்து வெட்டி எடுத்தது இல்லை. பாலியூரித்தேன் கலவையைத் திரவமாக அச்சில் ஊற்றி, அது உள்ளேயே பொங்கி அந்த வடிவத்தில் இறுகும். அதனால் முழுவதும் ஒரே துண்டாக இருக்கும், அடிப்பக்கம் தட்டின் மேடு பள்ளத்துக்கு அப்படியே பொருந்தும். வருடக்கணக்கில் அமுங்கினாலும் கையை எடுத்தால் எழும். சோபாவுக்குப் போடுகிற சாதாரண ஃபோம் பலகையை வெட்டி வைத்தால் சீக்கிரம் படுத்துவிடும். துண்டுகளை ஒட்டிய ஃபோம் படுக்காது, ஆனால் கெட்டியாக இருக்கும். சரிவை நிரவக் கொஞ்சம் வைக்கலாம், அதையே முழுச் சீட்டாக்கினால் பள்ளத்தில் விழும் ஒவ்வொரு அடியும் முதுகெலும்புக்குப் போகும். ரெக்சின் கிழிந்தால் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். அந்த அச்சு ஃபோம் போனால், கம்பெனி பார்ட்ஸ் கடையில் புது சீட்டே வாங்க வேண்டியதுதான்.

கடைக்குத் திரும்பப் போனேன். பிரித்த சீட்டைக் காட்டியதும், "உங்க ஃபோம் நனைஞ்சு அழுகிப் போச்சுண்ணா, குப்பையில போட்டுட்டோம்" என்றார். நனைந்த ஃபோமைப் பிழிந்து நிழலில் சில நாள் காயவைத்தால் போதும். பொடிப்பொடியாக உதிர்ந்தால்தான் பயன்படாது, என்னுடையது அப்படி இல்லை. கேரண்டியைக் கேட்டேன். "அது தையலுக்கு மட்டும்தான்" என்றார். பேசிக்கொண்டிருந்தபோது கடை அலமாரியில் பழைய அச்சு ஃபோம்கள் அடுக்கி இருப்பதைப் பார்த்தேன். அதில் ஒன்றை எடுத்து, இன்னொருவரிடம் 'கம்பெனி ஃபோம்' என்று விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அது என்னுடையது என்று என்னால் நிரூபிக்க முடியாது. பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் சீட்டைக் கொடுக்கும்போது, ரெக்சினை உரிக்கிறவரைக்கும் பக்கத்திலேயே நில்லுங்கள். அதற்குச் சில நிமிடம்தான் ஆகும். உரித்ததும் ஃபோமை மேலேயும் அடியிலேயும் போட்டோ எடுங்கள். அடிப்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் உங்கள் வண்டி எண்ணை எழுதுங்கள். "நம்பிக்கை இல்லையாண்ணா?" என்று கேட்பார்கள். நேர்மையான வேலைக்காரர் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். பாலக்கோட்டில் பிரித்துக் கொடுத்தவரே, இனி எங்கே கொடுத்தாலும் இப்படிச் செய்யுங்கள் என்று எனக்குச் சொன்னவர்.

வடிவம் மாற்றுவதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். வெட்டிய ஃபோம் திரும்ப வராது. வேலை தெரிந்தவர் வெறும் ஃபோமோடு சீட்டை வண்டியில் மாட்டி, உங்களை உட்கார வைத்து, எங்கே ஏற்ற வேண்டும், எங்கே குறைக்க வேண்டும் என்று கோடு போட்டுக்கொள்வார். கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுவார், சேர்க்க வேண்டிய துண்டைப் பசை போட்டு ஒட்டி, ஓரத்தைத் தேய்த்துச் சமப்படுத்துவார், இணைப்பு உறுத்தாமல் இருக்க மேலே மெல்லிய ஃபோம் விரிப்பார். ரெக்சின் போடும் முன் இன்னொரு முறை உட்காரச் சொல்வார். உங்களை உட்கார வைக்காமலே வடிவம் மாற்றித் தருகிறேன் என்று சொல்லும் கடையில் கொடுக்காதீர்கள்.

அப்புறம் அந்த டிசைன் தையல். ஊசி போன ஒவ்வொரு ஓட்டையும் தண்ணீருக்கு வழி. உட்காருகிற இடத்தில் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்தால் நம் எடையே தண்ணீரை உள்ளே அழுத்திவிடும். தையல் ஓரத்தில் மட்டும் இருக்கட்டும். ஃபோமுக்கும் ரெக்சினுக்கும் நடுவே பிளாஸ்டிக் ஷீட் போடச் சொல்லுங்கள். சீட்டை வாங்கும்போது திருப்பிப் பார்த்து ரப்பர் குமிழ்களைச் சரிபாருங்கள். மாட்டிய பிறகு இரண்டு கையாலும் முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் பணம் கொடுக்காதீர்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அதன் பிறகு கடைக்காரர் போன் செய்து 500 ரூபாய் தருகிறேன், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்றார். மறுத்துவிட்டேன். என் ஃபோம் வேண்டும், இல்லையென்றால் புது சீட்டின் விலை வேண்டும். தரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக முடிவு செய்திருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையான விவகாரத்துக்கு அங்கே கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் போனால் போதும்.

என்னிடம் ஆதாரமாக இருப்பது அந்தத் துண்டுச் சீட்டு, ஜிபேயில் அனுப்பிய 1,450 ரூபாய்க்கான பதிவு, பாலக்கோட்டில் பிரித்தபோது எடுத்த வீடியோ. இதே டவுனில் இப்படி ஏமாந்தவர்கள் இருந்தால் அந்தச் சீட்டை வேறு கடையில் உடனே சரிசெய்யக் கொடுத்துவிடாதீர்கள். பிரிக்கும்போது முதல் பின்னைப் பிடுங்குவதிலிருந்து நிறுத்தாமல் வீடியோ எடுங்கள், உள்ளே இருந்ததை அப்படியே ஒரு சாக்கில் கட்டி வையுங்கள்.